போர்க்கலத்தின் பசி: கடற்படைகளும் எரிபொருட் சிக்கனமும்

அரபிக் கடலின் மேற்கு வாயிலில், அணைந்துபோன எரிமலையொன்றின் மடியில் அமைந்த துறைமுகம் ஏடன். 1830ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் பம்பாயிலிருந்து சூயெசுக்குப் புறப்பட்ட 'ஹியூ லிண்ட்சே' என்னும் நீராவிக் கப்பல் இத்துறையில் நின்று கரி ஏற்றிக்கொண்டது. கிழக்கிந்தியக் கம்பெனியின் கடற்படைக்குரிய அக்கப்பல் ஐந்தாறு நாள்களுக்கான கரியைச் சுமக்கும் அளவிலேயே கட்டப்பட்டிருந்தது. ஏடன் வரையுள்ள 1,600 மைலுக்கும் மேற்பட்ட தொலைவைக் கடக்க அது போதாது. ஆகவே கூடத்திலும் பயணிகள் அறைகளிலும் கரியைக் கொட்டி நிரப்பி, பாரத்தால் ஆழ அமிழ்ந்தவாறே அது பம்பாயை நீங்கியது. ஏடனை அடைந்தபோது எஞ்சியிருந்தது ஏறத்தாழ ஆறு மணி நேரத்துக்குரிய கரியே. ஒன்பதாண்டுகள் கழித்து, 1839 சனவரியில், ஆங்கிலேயர் படையனுப்பி ஏடனைக் கைப்பற்றினர். முத்துக்காகவோ நறும்புகைப் பொருள்களுக்காகவோ அன்று. கரிக்கிடங்கு ஒன்று வேண்டும் என்பதே அதன் முதன்மையான நோக்கம்.

அதே ஏடனில், 2000ஆம் ஆண்டு அக்டோபர் 12ஆம் நாள் முற்பகலில், அமெரிக்கக் கடற்படையின் 'கோல்' என்னும் நாசகாரிக் கப்பல் எண்ணெய் நிரப்பிக்கொண்டிருந்தது. வெடிமருந்து ஏற்றிய சிறு படகொன்று அதன் இடப்பக்கத்தை அணுகி வெடித்தது. மாலுமிகள் 17 பேர் மாண்டனர். நூற்றுக்கணக்கான மைல்களுக்கு அப்பால் வரும் வானூர்தியையும் கண்டறியும் கதிரலைக் கருவியும், ஏவுகணைகளும் உடைய கப்பல் அது. ஆயினும் குழாயைப் பூட்டிக்கொண்டு நிற்கும் சில மணி நேரத்தில், அவ்வலிமை அனைத்தும் அதற்கு உதவவில்லை.

ஹியூ லிண்ட்சேக்கும் கோலுக்கும் இடையே 170 ஆண்டுகள் கழிந்தன. கரி எண்ணெயாயிற்று, பாய்மரம் மறைந்தது, பீரங்கி ஏவுகணையாயிற்று. பசி மட்டும் மாறவில்லை. போர்த்திறனைக் குறைக்காமல் இப்பசியைக் குறைப்பது எங்ஙனம் என்ற வினாவைக் கடற்படைகள் நீராவிக் காலத்தின் தொடக்கத்திலிருந்தே எதிர்கொண்டு வந்துள்ளன. அவற்றின் விடைகளை நோக்குவார்க்கு ஒன்று புலனாகும். எரிபொருளையே மாற்றிய பெரும் புரட்சிகள் பெயர் பெற்றன. கப்பலின் உடலையும் ஓட்டும் முறையையும் திருத்திய சிறு முயற்சிகளோ பெயரின்றியே பயன் தந்தன.

இரு வேகங்களின் முரண்

சிக்கலின் வேர் இயற்கை விதியொன்றில் உள்ளது. நீரைக் கிழித்துச் செல்லும் கப்பலின் வேகத்தை இருமடங்காக்க வேண்டுமாயின், இயந்திரத்தின் ஆற்றலை ஏறத்தாழ எண்மடங்காக்க வேண்டும். அதே தொலைவைக் கடக்கச் செலவாகும் எரிபொருளும் ஏறத்தாழ நான்கு மடங்காகும். வணிகக் கப்பல் தனக்கு உகந்த ஒரு வேகத்தைத் தேர்ந்து வாழ்நாள் முழுதும் அவ்வேகத்திலேயே ஓடலாம். போர்க்கப்பலுக்கு அவ்வாய்ப்பு இல்லை. பகைவனைத் துரத்தவும் பகைவனிடமிருந்து தப்பவும் அதற்கு உச்ச வேகம் வேண்டும். ஆனால் அந்த உச்ச வேகம் தேவைப்படுவது ஆண்டில் சில மணி நேரமே. எஞ்சிய காலமெல்லாம் காவல் சுற்றியும், துணைக்கலங்களோடு இணைந்தும் மெல்லவே செல்லும். அரிதாய் வரும் ஒரு மணி நேரத்துக்கெனச் செய்யப்பட்ட இயந்திரத்தை ஆண்டு முழுதும் குறைவேகத்தில் ஓட்டுவது, கல்யாணத்துக்கு வாங்கிய அண்டாவில் நாள்தோறும் ஒரு படி அரிசியை வடிப்பதற்கு ஒப்பாகும். சோறு வேகும், விறகு வீணாகும்.

இம்முரணை முதலில் நேர்நின்று அளந்த நிகழ்ச்சிகளுள் ஒன்று 1865இல் நடந்தது. ஆங்கிலக் கடற்படையின் கான்ஸ்டன்ஸ், ஆக்டேவியா, அரித்தூசா ஆகிய மூன்று கப்பல்களும் பிளிமத்திலிருந்து மதீரா தீவை நோக்கி விடப்பட்டன. மூன்றின் இயந்திரங்களும் வெவ்வேறு வகையின. கான்ஸ்டன்சில் இருந்தது, ஒருமுறை பயன்பட்ட நீராவியை இரண்டாம் உருளைக்கு அனுப்பி மீண்டும் வேலை வாங்கும் கூட்டு இயந்திரம். குறைந்த கரியில் மிகுந்த தொலைவு சென்றது அதுவே. ஆயினும் அவ்வகை இயந்திரத்தைக் கடற்படை பரவலாக ஏற்க மேலும் சில ஆண்டுகள் ஆயின. இயந்திரம் சிக்கலானது, கொதிகலனின் அழுத்தம் மிகுதி, போரில் குண்டு பட்டால் கேடு என்று காரணங்கள் கூறப்பட்டன. இதற்கிடையே லிவர்பூல் வணிகராகிய ஆல்பிரட் ஹோல்ட் 1866இல் 'அகமெம்னான்' என்ற தம் கப்பலைக் கூட்டு இயந்திரத்தின் துணையால் மொரீஷியசு வரை, ஏறத்தாழ 8,500 மைல், இடையே கரி ஏற்றாமல் செலுத்திக் காட்டினார். தன் பணத்தைப் போட்டவனுக்கு விரைவில் விளங்கியது, பிறர் பணத்தைச் செலவிட்டவர்க்கு விளங்கக் காலம் எடுத்தது.

மெழுகுக் கப்பல்களின் பாடம்

இயந்திரத்தை விடுத்துக் கப்பலின் உடலை நோக்கியவர் வில்லியம் புரூடு. இருப்புப்பாதைப் பொறியாளராய்த் தொழில் தொடங்கிய இவர் 1867இல் தம் வீட்டருகே டார்ட் ஆற்றில் 'அன்னம்', 'காக்கை' என்று பொருள்படும் பெயர்களையுடைய இரண்டு மாதிரிப் படகுகளை இழுத்து ஆராய்ந்தார். காக்கையின் முனைகள் கத்திபோற் கூர்மையானவை; அன்னத்தின் முனைகள் உருண்டு திரண்டவை. கூரியதே நீரை எளிதிற் கிழிக்கும் என்பது அக்கால நம்பிக்கை. குறைந்த வேகத்தில் அந்நம்பிக்கை பொய்க்கவில்லை. ஆனால் வேகம் மிக மிக, மழுங்கிய அன்னமே குறைந்த தடையோடு சென்றது. எல்லா வேகத்துக்கும் உகந்த ஒரே வடிவம் இல்லை என்பதை இவ்விரு பொம்மைப் படகுகள் உணர்த்தின.

ஆங்கிலக் கடற்படைத் தலைமையகம் அளித்த 2,000 பவுன் கொடையால் டார்க்கி நகரில் தம் வீட்டை ஒட்டி நீண்ட நீர்த்தொட்டியொன்றைப் புரூடு கட்டினார். மெழுகால் செய்த மாதிரிக் கப்பல்களை அதில் இழுத்துத் தடையை அளந்தார். சிறு மாதிரியின் அளவிலிருந்து பெருங்கப்பலின் தடையைக் கணிக்க இயலுமா என்று ஐயுற்றோர்க்கு விடையளிக்க, 'கிரேஹவுண்டு' என்னும் மெய்யான போர்க்கப்பலைக் கயிறு கட்டி இழுக்கச் செய்து, கயிற்றின் விசையையும் அளந்தார். கணிப்பும் அளவும் பெரிதும் ஒத்தன. அன்று தொடங்கி, கோடிக்கணக்கில் செலவிட்டுக் கப்பலைக் கட்டுமுன் தொட்டியில் மாதிரியை ஓட்டிப் பார்ப்பது கப்பற்கலையின் மரபாயிற்று.

அவர் செய்த மற்றோர் ஆய்வு இன்னும் எளியது. நீண்ட பலகைகளுக்கு மெருகு பூசியும், துணி ஒட்டியும், மணல் பதித்தும் நீரில் இழுத்தார். மணல் பதித்த பலகை மெருகுப் பலகையினும் மிகுந்த தடை கொண்டது. மெல்லச் செல்லும் கப்பலுக்குப் பெரும்பகைவன் அலையன்று. தன் தோலின் சொரசொரப்பே. பாசியும் சிப்பியும் பற்றிய அடிப்பாகம் கரியைத் தின்னும் மற்றுமொரு வாய் ஆகும். பாய்மரக் காலத்திலேயே, 1761இல், ஆங்கிலேயர் 'அலாரம்' என்ற கப்பலின் அடிப்பாகத்துக்குச் செப்புத் தகடு வேய்ந்து இதற்குத் தீர்வு கண்டிருந்தனர். இரும்புக் கப்பல் வந்தபின் அத்தீர்வு பயனற்றதாயிற்று. செம்பு கடல்நீரில் இரும்பை அரித்துவிடும். நச்சுச் சாயங்களைத் தேடும் முயற்சி அதன்பின் தொடங்கி இன்றும் தொடர்கின்றது.

கரியில் மூழ்கிய கப்பற்படை

எரிபொருட் பசி போர்த்திறனை நேரடியாகவே விழுங்கிய வரலாறு 1904–05இல் நிகழ்ந்தது. சப்பானியரை எதிர்க்க ரஷ்யப் பேரரசு தன் பால்டிக் கப்பற்படையை அட்மிரல் ரொசெஸ்த்வென்ஸ்கியின் தலைமையில் அனுப்பியது. 1904 அக்டோபரில் லிபாவுத் துறையினின்று புறப்பட்ட அப்படை செல்லவேண்டிய தொலைவு ஏறத்தாழ 18,000 கடல் மைல். வழியில் ரஷ்யாவுக்கெனக் கரித்துறை ஒன்றும் இல்லை. ஆங்கிலேயர் சப்பானியரின் நட்பு நாட்டினர். அவர்தம் துறைகள் அடைக்கப்பட்டன. பிரெஞ்சுக்காரர் ரஷ்யாவின் நண்பரே எனினும் நடுநிலை விதிக்கு அஞ்சித் தயங்கினர். ஹாம்பர்க்–அமெரிக்கா நிறுவனத்தின் ஜெர்மன் கரிக்கப்பல்களை நம்பி, டக்கார், காபூன், அங்ரா பெக்கேனா என ஆப்பிரிக்கக் கரையோரமாக ஒவ்வோரிடத்தும் நின்று, வெப்பத்திலும் கரித்தூளிலும் மாலுமிகள் மூட்டை சுமந்தனர்.

அடுத்த இடத்தில் கரி கிடைக்குமோ கிடைக்காதோ என்ற அச்சம் தளபதியை விடவில்லை. ஆகவே கிடங்குகள் கொள்ளும் அளவுக்கு மேலும் ஏற்றுமாறு ஆணையிட்டார். மேல்தளத்திலும் உணவறைகளிலும் பீரங்கிகளின் இடையிலும் கரி குவிந்தது. பயிற்சிக்குச் செல்லவேண்டிய நாள்கள் கரி ஏற்றுவதிலேயே கழிந்தன. மடகாஸ்கரின் நொசி-பே துறையில் இரு திங்களுக்கு மேல் தங்கியபோது வெப்பக்கடலின் பாசி கப்பல்களின் அடிப்பாகத்தில் தழைத்தது. 1905 மே 27ஆம் நாள் சூசிமா நீரிணையில் போர் மூண்டபோது, பாரம் மிகுந்த புதிய பெரும்போர்க்கப்பல்களின் கவசப் பட்டை பெரும்பகுதி நீருள் அமிழ்ந்திருந்தது. குண்டைத் தடுக்கவேண்டிய இடத்தில் தகடு இல்லை. ரஷ்ய அணி 9 நாட் வேகத்தில் ஊர்ந்தது. சப்பானிய அணி 15 நாட் வேகத்தில் அதன் தலைப்பைச் சுற்றி வளைத்தது. ரஷ்யர் நாலாயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். சப்பானியர் இழந்தவை மூன்று சிறு டார்ப்பிடோப் படகுகள். தோல்விக்குக் காரணம் பல உண்டு. கரி ஒன்றே காரணம் என்பது வரலாற்றுக்குப் பொருந்தாது. ஆயினும், போதிய வலிமையுடன் களத்தை அடைவதற்கென ஏற்றிய கரியே களத்தில் வலிமையைப் பறித்தது என்பதை மறுத்தற்கியலாது.

எம்டன்

தமிழ்நாட்டு மக்கள் பேச்சில் 'எம்டன்' என்பது தந்திரமும் துணிவும் உடையவனைக் குறிக்கும் சொல்லாய் இன்றும் வழங்குகின்றது. 1914 செப்டம்பர் 22ஆம் நாள் இரவில் சென்னைத் துறைமுகத்தின் பர்மா ஆயில் கம்பெனித் தொட்டிகளைச் சுட்டெரித்த ஜெர்மன் குரூசரே அச்சொல்லின் பிறப்பிடம். அக்கப்பலின் வீரம் பலரும் அறிந்தது. அதன் கரிக்கணக்கை அறிந்தார் சிலரே.

எம்டனின் இரட்டைக் கப்பலான 'டிரெஸ்டன்' நீராவிச் சுழலிகளைக் கொண்டது. எம்டனிலோ பழைய பிஸ்டன் இயந்திரமே இருந்தது. ஜெர்மன் சிறு குரூசர்களுள் அவ்வியந்திரத்தைத் தாங்கிய கடைசிக் கப்பல் அது. சுழலி உச்ச வேகத்தில் சிறந்தது. மெல்லச் செல்கையில் கரியை விழுங்குவது. பழையதாகிய பிஸ்டன் மெதுவேகத்தில் சிக்கனமானது. தனித்து, தாய்த்துறை இன்றி, இந்துமாக்கடலில் அலையவேண்டிய கப்பலுக்குப் பழமையே துணையாயிற்று.

தலைவன் கார்ல் பான் முல்லர் பகைவரின் கரியாலேயே பகைவரை வேட்டையாடினார். வங்கக் கடலில் பிடித்த கிரேக்கக் கப்பலிலிருந்த இந்தியக் கரி கிடைத்தது. அது புகையை மிகக் கக்கிக் கப்பலைக் காட்டிக் கொடுக்கும் தன்மையது. பின்னர் ஹாங்காங்குக்குச் சென்றுகொண்டிருந்த 'புரெஸ்க்' என்ற கப்பலைப் பிடித்தபோது, ஆங்கிலக் கடற்படைக்கென்றே ஏற்றப்பட்ட உயர்தர வேல்சுக் கரி கைக்கு வந்தது. அக்டோபரில் எம்டன் தியேகோ கார்சியா தீவை அடைந்தது. உலகப்போர் தொடங்கிய செய்தியே எட்டாத அத்தீவில் கரி ஏற்றிக்கொண்டதோடு, கப்பலை ஒருபுறம் சாய்த்து அடிப்பாகத்தின் பாசியையும் சிப்பியையும் மாலுமிகள் சுரண்டினர். புரூடின் பலகைகள் உணர்த்திய பாடத்தை, உலர்துறை இன்றி, நடுக்கடலில் செயற்படுத்திய காட்சி அது.

முடிவும் கரியோடு பிணைந்தே வந்தது. 1914 நவம்பர் 9ஆம் நாள் கொக்கோசுத் தீவில் தந்தி நிலையத்தை அழிக்கப் படையினரைக் கரையிறக்கிய முல்லர், கரி ஏற்றுவதற்காகப் புரெஸ்க்கை வருமாறு அழைத்திருந்தார். தொடுவானில் புகை தெரிந்தது. வருவது தம் கரிக்கப்பலே என்று கருதினர். வந்தது ஆஸ்திரேலியக் குரூசராகிய 'சிட்னி'.

எண்ணெயும் அணுவும்

அப்போருக்குச் சற்று முன்னரே ஆங்கிலக் கடற்படை கரியைக் கைவிட முடிவு செய்திருந்தது. அட்மிரல் பிஷரின் தூண்டுதலும், 1911இல் கடற்படை அமைச்சரான சர்ச்சிலின் துணிவும் அதன் பின்னணி. ஒரே எடையுள்ள எண்ணெய் கரியைவிட மிகுந்த வெப்பம் தரும். கரி வாரிக் கொட்டும் ஆள்கள் தேவையில்லை. குழாயால் கடலிலேயே நிரப்பலாம். எண்ணெயை மட்டுமே எரிக்கும் 'குயீன் எலிசபெத்' வகைப் பெரும்போர்க்கப்பல்கள் 15 அங்குலப் பீரங்கிகளுடன் விரைவையும் பெற்றன. போர்த்திறனைக் குறைக்காமல் மட்டுமன்று, கூட்டியும் எரிபொருட் சுமையைக் குறைத்த செயல் இது. ஆனால் வேல்சு மலையடியில் கிடைத்த கரியை விட்டுப் பாரசீகத்தின் எண்ணெயை நாடவேண்டியதாயிற்று. 1914இல் ஆங்கில அரசு 22 இலட்சம் பவுன் கொடுத்து ஆங்கிலோ-பாரசீக எண்ணெய்க் கம்பெனியின் 51 விழுக்காட்டுப் பங்கை வாங்கியது. மூன்றே ஆண்டில், 1917இல், ஜெர்மன் நீர்மூழ்கிகள் எண்ணெய்க் கப்பல்களை மூழ்கடிக்கவே, உலகின் தலைசிறந்த கடற்படை தன் கப்பல்களை மெல்லச் செல்லுமாறு ஆணையிடும் நிலைக்கு வந்தது. விரைவுக்காக ஏற்ற எண்ணெய் விரைவையே தடுத்தது.

அணு உலை இப்பசிக்கு இறுதி விடை எனத் தோன்றிய காலமும் உண்டு. 1964இல் 'எண்டர்பிரைசு', 'லாங் பீச்', 'பெயின்பிரிட்ஜ்' என்னும் மூன்று அமெரிக்க அணுக்கலங்கள் 65 நாள்களில், எண்ணெய் ஒரு துளியும் பெறாமல், உலகைச் சுற்றின. நீர்மூழ்கிகளுக்கும் பெரும் வானூர்தி தாங்கிகளுக்கும் அது நிலைத்தது. சிறிய கப்பல்களுக்கோ செலவு தாங்கவில்லை. அமெரிக்காவின் அணுக் குரூசர்கள் அனைத்தும் 1990களில் ஓய்வு பெற்றன.

பசுமைப் படையும் பின்புறத் தகடும்

1973ஆம் ஆண்டின் எண்ணெய் நெருக்கடிக்குப் பின் அமெரிக்கக் கடற்படை மீண்டும் புரூடின் வழிக்குத் திரும்பியது எனலாம். 1975இல் பணிக்கு வந்த 'ஸ்புரூவன்சு' வகை நாசகாரிகள் வானூர்தி எஞ்சினை ஒத்த வாயுச் சுழலிகள் நான்கைக் கொண்டவை. நான்கும் முழங்கும்போது அவற்றின் திறன் பெரிது. மெல்ல ஓடுகையில் பசியும் பெரிது. எனவே மூன்றை நிறுத்தி, ஒன்றையே அதன் உகந்த நிலையில் ஓட்டி, மற்றொரு தண்டை நீரில் வெறுமனே சுழலவிடும் வழக்கம் தோன்றியது. கப்பலில் ஒன்றையும் மாற்றவில்லை. ஓட்டுபவர் பழக்கம் மாறியது. பின்னர் கப்பலின் பின்புற அடியில் சிறு தகடொன்று பொருத்தி நீரோட்டத்தைத் திருத்தியதால் சில விழுக்காடு எண்ணெய் மிஞ்சியது. எந்தப் பீரங்கியையும் எந்த ஏவுகணையையும் அது கேட்கவில்லை.

இவற்றைப் பாடியோர் இல்லை. பாடப்பட்டது 'மாபெரும் பசுமைக் கப்பற்படை'. தியோடர் ரூசுவெல்ட் 1907–09இல் உலகைச் சுற்ற அனுப்பிய 16 பெரும்போர்க்கப்பல்களின் 'மாபெரும் வெள்ளைப் படை'யை நினைவூட்டும் பெயர் அது. அவ்வெள்ளைப் படையும் அயல்நாட்டுக் கரிக்கப்பல்களை நம்பியே சென்றது என்பதை அப்பெயரைச் சூட்டியோர் எண்ணினரோ, அறியோம். 2012 சூலையில் ஹவாய்த் தீவருகே நடந்த பயிற்சிக்கென 4,50,000 காலன் உயிர்வழி எரிபொருள் 120 இலட்சம் டாலருக்கு வாங்கப்பட்டது. காலன் ஒன்றுக்கு 26 டாலருக்கு மேல். ஆட்சிமன்றத்தில் எழுந்த எதிர்ப்பு நியாயமானதே. 2016 சனவரியில் மீண்டும் புறப்பட்ட படையின் எரிபொருளில் மாட்டுக்கொழுப்பிலிருந்து எடுத்தது பத்தில் ஒரு பங்கு. விலை தணிந்தது உண்மை. ஆயினும் எரிபொருளின் ஊற்றை மாற்றியதேயன்றிக் கப்பலின் பசியை இது குறைக்கவில்லை. எண்ணெய்க் கப்பல் வந்து நிரப்பவேண்டிய முறைகள் முன்போன்றே இருந்தன.

பசியையே தொட்ட முயற்சி 'மேக்கின் ஐலண்டு'. 2009 அக்டோபரில் பணியேற்ற இப்பெருங்கப்பலில் விரைவுக்கு வாயுச் சுழலிகளும், மெல்லிய ஓட்டத்துக்கு மின்பொறிகளும் உள்ளன. அண்டாவோடு சிறு பானையும் சேர்ந்த அடுக்களை இது. மெக்சிக்கோ வளைகுடாவிலிருந்து தென்னமெரிக்காவைச் சுற்றிச் சான் டியாகோ சென்ற முதற்பயணத்திலேயே இருபது இலட்சம் டாலர் அளவுக்கு எண்ணெய் மிஞ்சியதாகக் கடற்படை அறிவித்தது.

அதே முறையை நாசகாரிகளிலும் கொணர எண்ணி, 34 கப்பல்களுக்குத் திட்டம் வகுத்தனர். 'டிரக்ஸ்டன்' என்ற ஒரு கப்பலில் மட்டும் பொருத்தி, 2018இல் திட்டத்தைக் கைவிட்டனர். இங்குத்தான் போர்த்திறன் குறுக்கிட்டது. நாசகாரியின் மின்னாக்கிகள் கதிரலைக் கருவிக்கும் படைக்கலன்களுக்கும் மின்சாரம் தரவேண்டியவை. அவற்றையே கப்பலை உந்தவும் ஏவினால், ஒன்று பழுதுற்றாலும் கப்பல் முழுதும் இருளில் ஆழுமே என்ற ஐயம் எழுந்தது. பெரிய கப்பலில் இடமும் மிகுமின்னும் உண்டு. நெருக்கமாய்க் கட்டிய நாசகாரியில் இல்லை. சிக்கனத்தைப் பின்னர் ஒட்டவைத்ததே பிழை. கப்பலை வரையும்போதே அதை எண்ணியிருத்தல் வேண்டும். மேக்கின் ஐலண்டு அவ்வாறு கட்டப்பட்டது.

ஏடனில் பிளவுண்ட கோல், பெருஞ்சுமைக் கப்பலொன்றின் முதுகில் ஏற்றப்பட்டு அமெரிக்கா மீண்டது. பழுது நீக்கப்பட்டு 2002இல் கப்பற்படையோடு சேர்ந்த அது, 2003 நவம்பரில் மீண்டும் அயற்கடற் பணிக்குப் புறப்பட்டது, அதே வகை வாயுச் சுழலிகள் நான்குடன்.